பட்டமா, படியெடுப்பா, தீக்ஷாவா? ராமநாதபுரம் கரைப்பக்கத்துச் சமூக அறிவியல் ஆசிரியருக்கு எது பொருந்தும்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோரத்து உயர்நிலைப் பள்ளிகளில் சமூக அறிவியலுக்குப் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் அவர் தலையில். படித்த பட்டமோ ஒன்றில். வரலாறு படித்தவருக்குச் சம உயரக்கோடு வந்தால் கை தயங்கும். புவியியல் படித்தவர் பாளையக்காரர் பாடத்தைப் புத்தகத்தில் உள்ளபடி வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவார். இந்த இடைவெளியை அடைக்க வழிகள் பல உண்டு: பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம், மஞ்சூர் டயட் என்கிற மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம், தீக்ஷா என்கிற அரசின் இணையக் கல்வித் தளம், தொலைநிலை எம்.ஏ., இஸ்ரோவின் இணைய வகுப்பு, கல்வெட்டுப் பயிற்சி, வெளியூர்ப் பயிலரங்கம். வழிக்குக் குறைவில்லை, நேரத்துக்குத்தான் குறைவு. ஆண்டுக்கு 12 தற்செயல் விடுப்பு, மிச்சப்படும் சில சனிக்கிழமைகள், விடைத்தாள் திருத்தமும் தேர்தல் பணியும் தின்றது போக எஞ்சும் மே மாதம். கையில் இருப்பது அவ்வளவுதான்.

எதைத் தேர்வது என்று கேட்பவரிடம் எதற்காக என்று திருப்பிக் கேட்பதுதான் முறை. பதவி உயர்வுக்கா, பயிற்சி மணிக்கணக்கைக் காட்டவா, நாளைக்கு ஒன்பதாம் வகுப்பில் எடுக்கப்போகும் பாடம் மாறவா? இந்த மூன்றையும் ஒன்றாகத் தரும் பயிற்சி கிடையாது. ஒன்றுக்காகச் சேர்ந்துவிட்டு இன்னொன்றை எதிர்பார்ப்பவர்களுக்குத்தான் அலைச்சலும் செலவும் வீணாகின்றன. வகுப்பு மேம்படும் என்று நம்பி எம்.ஏ. சேர்ந்து, இரண்டு வருஷம் அசைன்மென்ட் எழுதிக் களைத்தவர்கள் உண்டு. ஐம்பது சான்றிதழ் சேர்த்துவிட்டு, பதவி உயர்வுப் பட்டியலில் அவை எதற்கும் உதவாது என்று பிறகு அறிந்தவர்களும் உண்டு.

துறைப் பயிற்சி: தவிர்க்க முடியாதது, ஆனால் திருப்ப முடியும்

குறுவள மையக் கூட்டமும் டயட் பயிற்சியும் விருப்பத் தேர்வல்ல. அழைப்பு வந்தால் போகத்தான் வேண்டும். ஓ.டி., அதாவது பணியில் இருந்ததாகக் கணக்கு கிடைக்கும், சனிக்கிழமை என்றால் ஈடுசெய் விடுப்பும் கேட்கலாம். குறை எங்கே என்றால், பொதுவான கற்பித்தல் முறைகளே அதிகம் பேசப்படும், பாடப்பொருள் குறைவு. பரமக்குடிப் பக்கம் மஞ்சூரில் இருக்கும் டயட்டுக்குத் தொண்டியிலிருந்தோ ராமேஸ்வரத்திலிருந்தோ வருபவருக்குப் போக வரவே பாதி நாள் போய்விடும்.

இதை நமக்குச் சாதகமாகத் திருப்ப ஒரு வழி உண்டு. டயட்டில் சமூக அறிவியலுக்கென விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள், அடுத்த ஆண்டுப் பயிற்சிக்கான தேவைகளை அவர்கள் கேட்பதும் உண்டு. அப்போது ‘வரலாறு பயிற்சி தேவை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பொத்தாம்பொதுவான பயிற்சிதான் வரும். ‘பத்தாம் வகுப்பு வரைபட வினாவில் மாணவர் மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் மாற்றிக் குறிக்கிறார்கள், இதற்கு அரைநாள் செய்முறை வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். கடலோர ஒன்றியங்களிலிருந்து அப்படி நான்கைந்து கடிதம் போனால் அது நடக்கும் வாய்ப்பு அதிகம்.

தீக்ஷா, நிஷ்டா: மணிக்கணக்குக்கு மலிவு

நிஷ்டா என்னும் மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டம் 2019இல் நேரடிப் பயிற்சியாகத் தொடங்கி, 2020 அக்டோபரில் தீக்ஷா வழியாக இணையத்துக்கு வந்தது. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி என்று சொல்கிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் அதை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்: 25 மணி வாரியம் அல்லது அரசுப் பயிற்சி நிறுவனங்கள் வழியாக, 25 மணி பள்ளிக்குள்ளேயே. மணிக்கணக்கைக் காட்டியே ஆகவேண்டியவருக்கு இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது.

நிஷ்டாவில் எல்லாப் பகுதியையும் முடித்து, இறுதி மதிப்பீட்டில் 70 சதவீதம் எடுத்தால் சான்றிதழ் வரும். மதிப்பீட்டுக்கு மூன்று வாய்ப்பு. பாடம் கடினமில்லை, சிக்கல் வருவதெல்லாம் சின்ன இடங்களில். முதலாவது, பெயர். சான்றிதழில் புரொஃபைலில் உள்ள பெயர்தான் அச்சாகும். இனிஷியலை முன்னே போட்டிருக்கிறீர்களா பின்னே போட்டிருக்கிறீர்களா என்று பணிப்பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டாவது, சிக்னல். பாடத்தைச் செயலியில் இறக்கி வைத்து, இணையம் இல்லாத இடத்தில் பார்த்து முடித்தால் அது போனில் மட்டும் இருக்கும். பிறகு இணையம் கிடைக்கும்போது முன்னேற்றத்தைச் சிங்க் செய்யாவிட்டால் 92 சதவீதத்திலேயே நின்றுவிடும். கடைசி நாள் இரவில்தான் பலர் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். மூன்றாவது, பழைய போன் எண்ணில் ஒரு கணக்கு, புது எண்ணில் ஒரு கணக்கு என்று வைத்திருப்பது. இரண்டிலும் பாதிப் பாதி முடித்தால் எதற்கும் சான்றிதழ் வராது.

மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் 2017இல் வந்தது. சேர இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக் கட்டணம் கட்டி மையத்துக்குப் போய் எழுத வேண்டும். பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஒரு வரலாற்றுப் பகுதியை ஆழமாகப் பிடித்துக்கொள்ள விரும்புகிறவர் தேர்வை விட்டுவிட்டுக் காணொளிகளை மட்டும் பார்த்தாலே போதும் என்பது எங்கள் எண்ணம்.

எம்.ஏ.: முன் அனுமதி இல்லாமல் அடி எடுத்து வைக்காதீர்கள்

பட்டதாரி ஆசிரியரிலிருந்து முதுகலை ஆசிரியராகப் பதவி உயர்வு வேண்டுமானால் முதுகலைப் பட்டம் இல்லாமல் ஆகாது. இங்கே ஒப்பீட்டுக்கே இடமில்லை, எதில் சேர்வது என்பதுதான் கேள்வி.

இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்கிற இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர், காரைக்குடி அழகப்பா நான்கும் இங்கே வழக்கமாகப் பேச்சில் அடிபடும் பெயர்கள். இக்னோவின் வரலாற்றுப் பாட நூல்கள் தரமானவை, சேராதவர்களும் இணையத்தில் எடுத்துப் படிக்கிறார்கள். ஆனால் எம்.ஏ. வரலாறு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். டிசம்பர் தேர்வு நமக்கு அரையாண்டுத் தேர்வோடும் புயல் மழையோடும் மோதும். தமிழில் எழுதவேண்டும் என்பவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களே வழி. காரைக்குடி, மதுரையைவிடக் கரைப்பக்கத்துக்குக் கிட்டம்.

சேர்வதற்கு முன் பார்க்கவேண்டியவை வரிசையாக: பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமல்ல, அந்தப் பாடத்துக்கும் அந்தச் சேர்க்கைப் பருவத்துக்கும் ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகம் ஒப்புதல் பெற்றது, ஆனால் அந்த ஆண்டு அந்தப் பாடம் பட்டியலில் இல்லை என்ற நிலை உண்டு. பிறகு அந்தப் பிரிவின் தளத்திலேயே டி.இ.பி. அடையாள எண்ணை உருவாக்கிக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பர் சேர்க்கையிலிருந்து இது கட்டாயம். இந்த இரண்டுக்கும் முன்னால், துறையின் முன் அனுமதி. விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாக மேலே போய் ஆணையாகத் திரும்பி வரவேண்டும். பணம் கட்டிய ரசீதின் தேதி அனுமதி ஆணையின் தேதிக்கு முந்தியிருந்தால் பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றும்போது கேள்வி வரும். இந்த ஒரு தேதிப் பிசகால் வருஷக்கணக்கில் கோப்பு நகராமல் கிடப்பது கல்வி அலுவலகங்களில் புதிதல்ல.

பழைய மனக்கணக்கு ஒன்றையும் மாற்றிக்கொள்ள வேண்டும். கூடுதல் படிப்புக்கு இருந்த முன்ஊதிய உயர்வு 2020இல் நிறுத்தப்பட்டது. மாதாமாதம் சம்பளம் ஏறும் என்று எண்ணி இன்று எம்.ஏ. சேர்வதில் பொருளில்லை. பதவி உயர்வு ஒன்றுதான் கணக்கு. அதற்கும் உங்கள் இளங்கலைப் பாடமும் முதுகலைப் பாடமும் ஒன்றா வேறா, அதாவது சேம் மேஜரா கிராஸ் மேஜரா என்பதைப் பொறுத்துப் பட்டியலில் இடம் மாறும். புவியியல் பி.எஸ்சி. முடித்தவர் வரலாற்று எம்.ஏ. சேர்வதற்கு முன் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

இப்போது டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வும் குறுக்கே நிற்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் மீதமுள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெறவேண்டும். ஐந்தாண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் ஓய்வு வரை தொடரலாம், பதவி உயர்வு என்றால் தேர்ச்சி வேண்டும். இதைத் தொட்டு வரும் ஆணைகளை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். டெட் இரண்டாம் தாளில் 150 வினாக்கள், அதில் 60 சமூக அறிவியல். மீதி 90 குழந்தை மேம்பாடு, மொழிப்பாடம், ஆங்கிலம் மூன்றுக்கும் முப்பது முப்பதாக. இருபது வருஷமாகப் பாடம் எடுப்பவருக்கு அந்த 60 பயமில்லை, குழந்தை மேம்பாடும் ஆங்கிலமும்தான் இழுத்துவிடும். டெட் முடிக்காதவர் எம்.ஏ.வைத் தள்ளிவைப்பதே சரி. இரண்டையும் ஒரே ஆண்டில் இழுத்துப் போட்டுக்கொள்வது வேண்டாம்.

இஸ்ரோ வகுப்பும் டோப்போ ஷீட்டும்: வரலாறு படித்தவருக்கு

டேராடூனில் உள்ள இஸ்ரோவின் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் 2007 முதல் தொலைநிலை வகுப்புகள் நடத்துகிறது. கட்டணமில்லை. 70 சதவீத வருகை இருந்தால் சான்றிதழ். வகுப்பு ஆங்கிலத்தில், வேகமாகப் போகும். தொலையுணர்வின் அடிப்படை தெரியாதவர் முதல் இரண்டு வகுப்பில் திணறிப் பாதியில் விட்டுவிடுவது சகஜம்.

அதனால் வகுப்பில் சேர்வதற்கு முன் ஒரு வாரம் டோப்போ ஷீட்டோடு, அதாவது நிலவரைபடத் தாளோடு இருங்கள். சர்வே ஆஃப் இந்தியா தளத்தில் ஷீட்டுகளை இறக்கிக்கொள்ளலாம். பழைய எண் முறையில் ராமநாதபுரம் நகரம் 58கே தொகுதியின் 15ஆம் ஷீட், ராமேஸ்வரம் 58ஓ தொகுதியின் 7ஆம் ஷீட். இந்த எண் எப்படி வருகிறது என்பதே நல்ல பாடம். 58 என்பது நான்கு பாகை அகலமும் நான்கு பாகை உயரமும் உள்ள கட்டம். அதை 16 எழுத்தாகவும், ஒவ்வோர் எழுத்தையும் மீண்டும் 16 எண்ணாகவும் வெட்டுகிறார்கள். மேலிருந்து கீழ், பிறகு அடுத்த நிரல். இதைக் கரும்பலகையில் போட்டு, பள்ளி இருக்கும் இடத்தின் அட்ச, தீர்க்க ரேகையைக் கொடுத்து ஷீட் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பீரியடில் பிடித்துக்கொள்வார்கள்.

கூகுள் எர்த்தின் பழைய படங்களை வைத்து அரிச்சல்முனை மணல்திட்டு எப்படி மாறியிருக்கிறது என்று காட்டுவது இப்போது பலரும் செய்வது. இதில் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. ஜனவரிப் படத்தையும் ஜூலைப் படத்தையும் பக்கத்தில் வைத்துக் ‘கடல் அரித்துவிட்டது’ என்று சொல்லிவிடுகிறார்கள். வாடைக் காலத்தில் மணல் ஒரு பக்கம் சேரும், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இன்னொரு பக்கம் நகரும். வெவ்வேறு ஆண்டுகளின் ஒரே மாதப் படங்களை ஒப்பிட்டால்தான் அரிப்பைப் பற்றிப் பேசமுடியும். கரையூரில் பிறந்த மாணவனுக்கு இது தெரியும். ஆசிரியர் தப்பாகச் சொன்னால் பின் பெஞ்சிலிருந்து சிரிப்பு வரும்.

கல்வெட்டும் களமும்: பாடம் மாறுவது இங்கேதான்

வகுப்பறைப் பாடம் மாறவேண்டும் என்பது நோக்கமானால் இதைவிடப் பலன் தரும் பயிற்சி வேறில்லை என்பதே எங்கள் கணிப்பு. காரணம் எளிது. இந்தக் கடலோரத்தில் பாடப்புத்தகத்தின் பாதி கண்முன்னே கிடக்கிறது. பத்தாம் வகுப்பில் வரும் கட்டபொம்மன், கலெக்டர் ஜாக்சன் சந்திப்பு 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் நடந்தது. வேலு நாச்சியார் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி வீட்டுப் பெண். சங்ககாலக் கடல் வணிகத்துக்கு அழகன்குளம், சீன வணிகத்துக்குப் பெரியபட்டினத்துப் பீங்கான் ஓடுகள், ஐரோப்பியர் வருகைக்கு 1693இல் ஜான் டி பிரிட்டோ கொல்லப்பட்ட ஓரியூர், சேதுபதிகளுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் இருந்த உறவுக்குக் கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளிவாசல்.

முறையான படிப்பு வேண்டுமென்றால், தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை நடத்தும் முதுநிலைப் பட்டயம் முழுநேரப் படிப்பு. பணியில் இருப்பவருக்கு ஒத்துவராது. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் பட்டய வகுப்பு சென்னை தரமணியில். ஒவ்வொரு வாரமும் சேது எக்ஸ்பிரஸில் போய் வருவது நடைமுறைக்கு உதவாது. ஆகவே அவ்வப்போது நடக்கும் இரண்டு மூன்று நாள் கல்வெட்டுப் பயிலரங்குகளும் சுயப்பயிற்சியுமே கரைப்பக்க ஆசிரியருக்கு மிஞ்சுகின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கல்வெட்டுத் தொகுதிகளும் எழுத்து வளர்ச்சி பற்றிய நூல்களும் இலவசமாக இருக்கின்றன.

வட்டெழுத்திலோ தமிழ்ப் பிராமியிலோ தொடங்குவதுதான் வழக்கமான தவறு. கவர்ச்சிக்காக அதில் தொடங்கி, மூன்றாம் நாள் கைவிடுகிறார்கள். சேதுபதி காலக் கல்வெட்டுகளில், அதாவது 17, 18ஆம் நூற்றாண்டில் தொடங்குங்கள். எழுத்து ஏறக்குறைய இன்றைய எழுத்துதான். மூன்று விஷயம் பிடிபட்டால் வாசிப்பு ஓடும். மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு காட்டப்படாது. ரகரமும் காலும் (ா) ஒரே வடிவம். இவற்றோடு வடசொற்களில் கிரந்த எழுத்து கலந்து வரும், இருபது எழுத்து தெரிந்தால் போதும்.

அடுத்து ஆண்டுக் கணக்கு. மாணவருக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல கணக்கு கிடையாது. கல்லில் ‘சகாப்தம் 1606, ரத்தாட்சி வருஷம்’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சக ஆண்டு 1606உடன் 78 கூட்டினால் கி.பி. 1684. சரியா என்று சோதிக்க அறுபதாண்டுச் சுற்று இருக்கிறது. 1984 ரத்தாட்சி ஆண்டு. அதிலிருந்து ஐந்து சுற்று, 300 ஆண்டு, பின்னால் போனால் 1684. ஒத்துப்போகிறது. ஓராண்டு முன்பின் வந்தால் பதற வேண்டாம். நடப்பு ஆண்டா கழிந்த ஆண்டா என்ற வேறுபாட்டால் அது வரும், தைக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட மாதமானாலும் ஆங்கில ஆண்டு ஒன்று ஏறும். ஐந்து, பத்து ஆண்டு விலகினால் நீங்கள் எண்ணைத் தவறாக வாசித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

படியெடுப்பு, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மைப்படியாக எடுப்பதைப் பயிலரங்கில் பார்த்தவர்கள் ஊர் திரும்பியதும் உடனே செய்து பார்க்கத் துடிப்பார்கள். முறை இது: கல்லைத் தண்ணீரும் நார் பிரஷும் கொண்டு கழுவ வேண்டும். நனைத்த தாளைக் கல்லில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழ் இல்லாமல் நீவ வேண்டும். பிறகு பிரஷால் சீராகத் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். தாள் முக்கால் காய்ந்ததும், மையைத் துணிப்பொதியில் தொட்டு, முதலில் ஒரு தட்டில் ஒற்றி அதிக மையை நீக்கிவிட்டு, தாளின் மேல் மெல்ல ஒற்ற வேண்டும். எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் வரும். கடற்கரையில் இது கெடுவதற்குக் காரணம் காற்று. கச்சான் அடிக்கும்போது தாளின் ஓரம் முதலில் காய்ந்து கல்லைவிட்டு எழும்பிவிடும், நடுவோ சொதசொதவென்று இருக்கும், மை ஊறிப் பரவும். அதிகாலையில் காற்று இறங்கியிருக்கும் நேரம், பக்கத்தில் துணி மறைப்பு, ஓரத்தை நனைக்க ஒரு ஸ்பாஞ்சு மூன்றும் வேண்டும்.

ஆனால் பள்ளிக்கு இது தேவையா? பெரும்பாலும் தேவையில்லை. இங்குள்ள பழைய கட்டடங்கள் பலவற்றில் கடற்கரை மணற்பாறையும் பவளக் கல்லும் கலந்திருக்கும். உப்பு ஏறிப் பொரிந்த கல்லைப் பிரஷால் தட்டினால் எழுத்தே உதிர்ந்து வரும். பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் தொல்லியல் துறையின் அனுமதி, கோயிலாக இருந்தால் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. சாக்பீஸ் தூளோ மைதா மாவோ தேய்த்து எழுத்தை வெளிக்காட்டும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும். அதற்கு மாற்று ஒரு டார்ச். மாலை மங்கிய பிறகு, கல்லின் பரப்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து, போனை நேராக வைத்துப் படம் எடுங்கள். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று. பகலில் வெறும் கல்லாகத் தெரிந்தது வரி வரியாக எழும்பும். படத்தில் ஒரு ஸ்கேலும் இருக்கட்டும்.

களப்பயணத்துக்கு ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம் முதல் இடம். மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, சுவரெங்கும் சேதுபதி கால ஓவியங்கள், நடந்து பார்க்க இரண்டு மணி நேரம் போதும். அழகன்குளத்துக்கு மாணவரை அழைத்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவதுண்டு. 1986 தொடங்கிப் பல கட்டமாக நடந்த அகழாய்வுக் குழிகள் மூடப்பட்டுவிட்டன, இப்போது பார்க்க இருப்பது ஊர்தான். முதலில் அங்கே கிடைத்த பொருள்களைப் பற்றி வகுப்பில் பேசி, ஆம்போரா என்னும் மத்தியதரைக்கடல் மதுச்சாடியின் வடிவத்தை வரையவைத்து, பிறகு வைகை கடலில் கலக்கும் இடத்தின் வரைபடத்தோடு போனால் அந்த வெறும் மண்ணும் பேசும். பார்ப்பதற்குப் பொருள் வேண்டும் என்றால் மதுரை சாலையில் கீழடி அருங்காட்சியகம் இருக்கிறது, 2023 மார்ச்சில் திறந்தது.

மாணவர் யாராவது பழங்காசையோ பானை ஓட்டையோ கொண்டுவந்து நீட்டுவார்கள். வாங்கி மேசை டிராயரில் வைத்துக்கொள்வது வம்பு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த இடம், எவ்வளவு ஆழம், யார் கண்டது, என்றைக்கு என்று எழுதி, படம் எடுத்து, தலைமையாசிரியர் வழியாக வட்டாட்சியருக்கு அனுப்பிவிடுங்கள். காசை எலுமிச்சை, புளி போட்டுப் பளபளப்பாக்காதீர்கள்.

வாய்மொழி வரலாறு: செலவே இல்லை, ஆனால் அவசரம்

1964 டிசம்பர் 22 இரவுப் புயலைத் தனுஷ்கோடியில் நேரில் கண்டவர்களில் இன்று நினைவோடு பேசக்கூடியவர்களுக்கு எழுபதுக்குக் குறையாத வயது. இலங்கைக்குப் போன தோட்டத் தொழிலாளர் தங்கவைக்கப்பட்ட மண்டபம் முகாமின் கதை, ராமேஸ்வரம் தலைமன்னார் கப்பலில் போய்வந்தவர்களின் கதை எல்லாம் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. இதைப் பதிவு செய்யக் கற்றுக்கொள்வது தனிப் பயிற்சிக்குச் சமம்.

காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், வலை பின்னிக்கொண்டே பேசுவார்கள். ஆனால் அந்தப் பருவத்தில்தான் கச்சானும் கிளம்பும். திறந்த வெளியில் பதிவு செய்தால் காற்றின் இரைச்சல் மட்டுமே மிஞ்சும். வீட்டுக்குள் உட்கார வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரண்டு போனில் ஒரே நேரத்தில் பதியுங்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வயதானவர்கள் களைத்துவிடுவார்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க ஐந்து மணி நேரமாவது பிடிக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதிவு குவிந்து கிடப்பதும் எழுதாமல் போவதும் இந்தக் கணக்கு தெரியாததால்தான். தொடங்கும் முன் பேசுபவரின் பெயரும் சம்மதமும் பதிவிலேயே இருக்கட்டும். எல்லை தாண்டிய சம்பவம், சிறை, வழக்கு என்று பேச்சு போனால் அதை வகுப்பில் போட்டுக்காட்டக் கூடாது.

வெளியூர்ப் பயிலரங்கம்

சி.சி.ஆர்.டி. என்கிற பண்பாட்டு வள, பயிற்சி மையம் 1979இல் டெல்லியில் தொடங்கியது. நமக்குக் கிட்டத்து மையம் ஹைதராபாத். மைசூரில் என்.சி.இ.ஆர்.டி.யின் மண்டலக் கல்வி நிறுவனம். இரண்டுக்கும் துறை வழியாகப் பெயர் போகவேண்டும், நேராக விண்ணப்பித்துப் பயனில்லை. பல மாநிலத்து ஆசிரியர்களோடு பழகுவது நல்ல அனுபவம்தான். ஆனால் பத்து நாள், இரண்டு வாரம் ஊரைவிட்டு இருக்கவேண்டும். பள்ளியில் ஒரே சமூக அறிவியல் ஆசிரியர் நீங்கள் என்றால் ஜூலை, ஆகஸ்டில் வந்தால் போங்கள். டிசம்பருக்குப் பிறகு வந்தால் பத்தாம் வகுப்பை விட்டுப் போவதைத் தலைமையாசிரியரும் விரும்பமாட்டார், பெற்றோரும் விரும்பமாட்டார்கள்.

யாருக்கு எது

டெட் முடிக்கவேண்டியவருக்கு இந்த ஆண்டு டெட், கூடவே மணிக்கணக்குக்குத் தீக்ஷா. வேறெதுவும் வேண்டாம். டெட் முடித்து, பதினைந்து வருஷத்துக்கு மேல் பணிக்காலம் உள்ளவர் முன் அனுமதி விண்ணப்பத்தை இப்போதே கொடுத்துவிட்டு, ஆணை கையில் வந்த பிறகு எம்.ஏ. சேரலாம். ஓய்வுக்கு ஐந்து வருஷமே இருப்பவர் பட்டத்தில் பணத்தைப் போடாமல் கல்வெட்டு வாசிப்பிலும் வாய்மொழிப் பதிவிலும் இறங்குவது ஊருக்கும் பள்ளிக்கும் நல்லது. ஊர்க்காரர்கள் மனம்விட்டுப் பேசுவது அந்த வயதுக்காரரிடம்தான். சி.பி.எஸ்.இ. பள்ளியில் இருப்பவர், பள்ளிக்குள் காட்டவேண்டிய 25 மணியில் ராமலிங்க விலாசத்துக்கு ஓர் ஆசிரியர் களப்பயணத்தைச் சேர்த்துக்கொள்ள நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள். நோக்கம், கால அட்டவணை, எந்தப் பாடத்தோடு பொருந்துகிறது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் மறுப்பது கடினம்.

வரலாறு படித்தவரும் புவியியல் படித்தவரும் பக்கத்துப் பக்கத்துப் பள்ளியில் இருந்தால், மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருங்கள். ஒருவர் 58கே ஷீட்டோடு வரட்டும், மற்றவர் கல்வெட்டுப் படத்தோடு. கூட்டம் ஐந்து பேரைத் தாண்டினால் பேச்சு சங்க விவகாரத்துக்கும் மாறுதல் கலந்தாய்வுக்கும் போய்விடும், நான்கு பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.